கடல்கன்னியின் குரலை வாங்கியவள்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. மல்லாபூரில் நான் வேலை பார்க்கும் மருந்துத் தொழிற்சாலையின் லேபுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தபோது நாலு மிஸ்டு கால் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்பு கோஆர்டினேட்டர் மேடம் எடுத்தார். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவள் எழுதிய ஒரு கதையைப் பற்றி நேரில் பேச வேண்டும் என்றார். என்ன கதை என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "அதுல நாக்கை அறுக்கிறாங்க மேடம்" என்றார்.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். அறையில் கோஆர்டினேட்டரும் கவுன்சிலரும் இருந்தார்கள். மேசைமேல் பதினோரு பக்கம், ஆங்கிலத்தில் டைப் செய்தது. பள்ளி ஆண்டுமலருக்காகப் பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்துப் புதிதாக எழுதச் சொல்லியிருந்தார்கள். என் மகள் கடல்கன்னி கதையை எடுத்திருந்தாள். காகிதம் முழுக்கச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

வீட்டில் சண்டை உண்டா, அவள் ஃபோனில் என்னென்ன பார்க்கிறாள், தனியாக அழுகிறாளா என்று கவுன்சிலர் மெதுவாகக் கேட்டார். சண்டை எல்லா வீட்டையும் போலத்தான், ஃபோனில் பாட்டு கேட்கிறாள், அழுவதாகத் தெரியவில்லை என்றேன். அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போதே அது சரிதானா என்று எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது.

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். வயதுக்குப் பொருந்தாத விஷயங்களைப் பார்த்து அதன் பாதிப்பில் என் மகள் இதை எழுதிவிட்டாள், அதற்காக வருந்துகிறாள், இனி நாங்கள் கண்காணிப்போம் என்று எழுதியிருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வருந்துறதா அவ சொன்னாளா?" என்று கேட்டேன்.

"சொல்லிடுவா" என்றார் கோஆர்டினேட்டர்.

பதினாலு வருஷமாக நான் லேபில் இருக்கிறேன். எங்கள் வேலையில் கையெழுத்து என்றால் 'நான் பார்த்தேன்' என்று பொருள். சேர்ந்த முதல் வருஷம், பக்கத்து மேசைக்காரர் செய்த சோதனைக்கு அவர் கேட்டாரே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் விசாரணை விசாரணையாக அலைந்திருக்கிறேன். அதற்கப்புறம் பார்க்காத எதிலும் போட்டதில்லை. படித்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று காகிதங்களை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

வீடு வரைக்கும் பொறுக்கவில்லை. பள்ளி மதில் ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்து படித்தேன். என் ஆங்கிலம் லேப் ரிப்போர்ட் எழுதுகிற ஆங்கிலம். தெரியாத சொல்லை ஃபோனில் பார்த்துப் பார்த்துப் போனதில் ஒரு மணி நேரம் ஆனது.

கடல்கன்னி கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரையில் இருக்கும் இளவரசன்மேல் ஆசைப்பட்டவள், சூனியக்காரியிடம் நாக்கைக் கொடுத்துவிட்டுக் கால்களை வாங்குகிறாள். நடக்கிற ஒவ்வொரு அடியும் கத்திமேல் வைத்த மாதிரி வலிக்கிறது. இளவரசன் கடைசியில் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள, இவள் நுரையாகப் போகிறாள். என் மகள் அந்த வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுத்தெடுத்த குரலை சூனியக்காரி சும்மா வைத்திருப்பாளா, யாருக்கோ விற்றிருப்பாள் இல்லையா? அழகான முகமும் பாட வராத தொண்டையும் உள்ள ஒரு இளவரசிக்கு அவள் அரண்மனைக்காரர்கள் அதை வாங்கித் தருகிறார்கள். கதையை அந்த இளவரசிதான் சொல்கிறாள்.

அவள் வாயைத் திறந்தால் கடல் பாடுகிறது. ஊரே மயங்குகிறது. சபையின் மூலையில் விசிறியோடு ஊமைப் பணிப்பெண் ஒருத்தி நிற்கிறாள். இளவரசி ஒவ்வொரு முறை பாடும்போதும் அந்தப் பெண்ணின் வாயோரம் ரத்தம் கசிகிறது. இளவரசியைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிப்பதில்லை. இது என்னுடையது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று இளவரசி கேட்கிறாள். வாங்கினதை எப்படித் திருப்புவது, எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்கிறார்கள். கல்யாணக் கப்பலில் அவள் தன் வாய்க்குள் தானே கையை விட்டு அந்தக் குரலை வெளியே இழுக்கிறாள். அது ஒரு நீளமான தூண்டில் கயிறு மாதிரி வருகிறது. சாணுக்கு ஒரு முள். ஒவ்வொரு முள்ளும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் முழுக்க அதுதான். என் வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. தூத்துக்குடியில் சின்ன வயதில் தூண்டில் முள் ஏறி, பின்னால் இழுக்க முடியாமல் முன்னால் குத்தி எடுத்தது. அதை எப்போதோ அவளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த முள்தான் இங்கே வந்திருக்கிறது என்று புரிந்தது.

குரலைத் திரும்பப் பெற்ற கடல்கன்னி வாயைத் திறக்கிறாள். கப்பலில் முந்நூறு பேர் இருந்தார்கள், அவர்களில் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று எனக்குத் தெரியாது என்று இளவரசி சொல்வதோடு கதை முடிகிறது.

மதில் ஓரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கிறுக்குப் பிடித்து எழுதின கதை இல்லை அது. யார்மேலோ உள்ள கோபம் அது, யார்மேல் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் மெட்ரோவில் வரும்போதே ஃபோன் செய்தார். அவருக்கு கச்சிபௌலியில் ஆபீஸ், வீடு வந்து சேர ஏழரை ஆகும். விஷயத்தைச் சொன்னேன். "போட்டுக் கொடுத்துட்டு வர வேண்டியதுதான? அடுத்த வருஷம் டென்த். அவங்ககிட்ட பகைச்சுகிட்டு என்ன செய்யப் போறோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஹப்சிகுடாவில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் துணி காயப்போட அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கு. இந்தத் தெலுங்கு ஊரில் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டு வழக்கம் அது. கதையைப் படித்தேன் என்றேன். போர்வையின் இந்த முனையை நான் பிடித்திருந்தேன், அந்த முனையை அவள். நன்றாக இருக்கிறது, ஆனால் தூங்க விடாது என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

"ஏட்டி, அந்த இளவரசி யாரு?"

பக்கெட் காலியாகும் வரை ஒவ்வொரு துணியாக உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

டிசம்பரில் பள்ளி ஆண்டுவிழா நடந்தது. குழுப்பாட்டில் என் மகள் முன்வரிசை நடுவில் மைக்கோடு நின்றாள். உயரம், நிறம், எல்லாம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அந்த மைக் ஆனில் இல்லை. பாடியது மேடையின் பின்திரைக்கு அந்தப்பக்கம் நின்ற அவள் வகுப்புப் பெண் ஒருத்தி. மல்லாபூர்க்காரி. குள்ளம், கறுப்பு, தடித்த கண்ணாடி. மேடை வெளிச்சத்தில் அவள் முகம் எடுக்காது என்று மியூசிக் சார் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் இருவருக்கும் ரிகர்சல். ஒருத்திக்குப் பாட, ஒருத்திக்கு உதடு அசைக்க. சீஃப் கெஸ்ட் என் மகளின் கழுத்தில் மெடல் போட்டார். 'சிறந்த பாடகி' என்று அதில் எழுதியிருந்தது.

நான் அந்த விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முழுசும் வீடியோ எடுத்தேன். பாட்டு மேலே போய் ஓரிடத்தில் அசையாமல் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமில் அவள் பாடிக் கேட்டிருக்கிறேன், சுருதியே நிற்காது. இரண்டு மாதப் பயிற்சியில் இப்படி ஆகிவிட்டாளே என்று நினைத்தேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன். தூத்துக்குடி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டு, இரண்டு நாளைக்கு வந்த பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் எனக்குப் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள். "நீயும்தானே அம்மா கைதட்டினே. என் வாய்ஸ் இல்லைன்னு உனக்கே தெரியலை."

நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? அவள் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கதையைப் படித்தாளா என்று கேட்டேன். காட்டவே தைரியம் வரவில்லை என்றாள்.

மறுநாள் காலை கதையையும் மெடலையும் எடுத்துக்கொண்டு இருவரும் மல்லாபூருக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்ற வீடுகள். அந்தப் பெண்ணின் அம்மா பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். நான் அரைகுறைத் தெலுங்கில் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. திரைக்குப் பின்னால் நின்றது அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட்டிருந்தார். உங்கள் பிள்ளை கதை எழுதினால் கூப்பிட்டுப் பேசுவார்கள், என் பிள்ளை வாய் திறந்தால் டிசி கொடுத்து அனுப்புவார்கள் என்றார். உங்கள் அனுமதி இல்லாமல் அவள் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் படித்தாள். கண்ணாடியை இரண்டு முறை கழற்றித் துடைத்தாள். என் மகள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அந்தப் பெண் பக்கங்களை ஒழுங்காக அடுக்கினாள். தெலுங்கில்தான் பேசினாள். நான் என் தமிழில் சொல்கிறேன்.

"நல்லா இருக்கு. ஆனா கதையிலயும் நீதானே முன்னாடி நிக்கிறே."

என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாக்கு போனவ நான். எனக்கு இதுல ஒரு வரிகூட இல்லை. எல்லாம் உனக்கு வலிச்ச கதைதான்."

நாக்கு இல்லாதவள் எப்படிப் பேசுவாள் என்று என் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"நாக்குதான் இல்லை. நினைக்கவும் முடியாதா?"

என் மகள் அழுதாள். சமாதானப்படுத்த யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. அழுது முடித்ததும் மெடல் டப்பாவை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் திறந்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்தைப் படித்தாள். பாடினதுக்கு என்றுதானே போட்டிருக்கிறது என்று சொல்லி, டிவிக்கு மேலே இருந்த ஷெல்ஃபில் எழுத்துத் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள். எனக்கு அவளை அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்துப்போனது.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, திங்கட்கிழமை என் பேரோடு சொல்லுங்கள் ஆன்ட்டி என்றாள். அவள் அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதையே சொன்னாள். அம்மாவும் பெண்ணும் உள்ளே போய்ப் பேசினார்கள். திரும்பி வந்த அம்மா, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். டிசம்பரில் நான் போட்ட வீடியோவில் பாடியது என் மகள் இல்லை, திரைக்குப் பின்னால் நின்ற அவள் வகுப்புப் பெண், எனக்குத் தெரியாமல் போனது என் தவறு என்று எழுதி, அந்தப் பெண்ணின் பேரையும் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அக்காவின் ஃபோன். "ஏட்டி, உங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள். யாரும் கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

என் கணவரிடம் கதையைக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை காலை மெட்ரோவில் படித்துவிட்டு, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டார். "அந்த முந்நூறு பேர்ல நம்மளும் இருந்தோம்லா" என்றார். பிறகு, கையெழுத்துப் போட வேண்டாம், வேண்டுமானால் தானும் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்று பிரின்சிபாலும் இருந்தார். அவர்கள் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்தேன். கதையைப் படித்துவிட்டேன், அதில் பொருந்தாதது என்று எனக்கு எதுவும் தெரியவில்லை, என் மகள் வருந்தவில்லை, அதனால் இதில் எழுதியிருப்பது உண்மையில்லை, உண்மையில்லாததில் போட மாட்டேன் என்றேன். அதன் பக்கத்தில் நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வைத்தேன். ஆண்டுவிழாவில் பாடியது யார், மெடல் யாருக்குப் போனது, அதை எப்படித் திருத்த வேண்டும் என்று நாலே வரி. அதில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பிரின்சிபால் படித்தார். ஆண்டுவிழா வேறு விஷயம், அதையும் இதையும் கலக்கக் கூடாது என்றார். மேடைக்கு மேடை இது நடப்பதுதான், இதில் யாருக்கு என்ன கெடுதல், இரண்டு பிள்ளைகளும் நிகழ்ச்சியில் இருந்தார்களே என்றார். கவுன்சிலர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு என் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடுதல் எதுவும் இல்லைன்னா, அன்னைக்கே மைக்ல சொல்லியிருக்கலாமே சார், பாடுறது பின்னாடி நிக்கிற பொண்ணுன்னு" என்றேன்.

பிரின்சிபால் என் கடிதத்தை ஓரமாகத் தள்ளினார். கதை மலரில் வராது என்றார். சரி என்றேன். மலர்க் குழுவிலும் என் மகள் இருக்க முடியாது என்றார். அதை அவளிடமே சொல்லிவிடுங்கள், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுந்தேன்.

பள்ளி எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, மெடல் பட்டியலையும் திருத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு டிசியும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு விழாவுக்குத் திரைக்குப் பின்னால் பாட அவளை மியூசிக் சார் கூப்பிட்டிருக்கிறார். "நக்கோ சார்", அதாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டாளாம். என் மகள் அதை ஒரு வாரம் வீட்டில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கதையைத் திரும்ப எழுதினார்கள். சமாதானமாக ஒன்றும் எழுதவில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் சண்டை. ஒரு பகுதி இளவரசி, அடுத்த பகுதி கடல்கன்னி. இளவரசி ஆங்கிலத்தில், கடல்கன்னி தெலுங்கில். கடல்கன்னி அந்தப் பெண்ணின் கையில் என் மகள் எழுதியதைவிட இருட்டாக வந்தாள். அவளுக்கு இளவரசன்மேல் ஆசையே இல்லை, கரையை ஒருமுறை நடந்து பார்க்கத்தான் வந்தாள். குரல் திரும்பக் கிடைத்ததும் இளவரசிக்கு நன்றி சொல்வதும் இல்லை. 'உன்னால் முடிந்தால் நீந்து' என்கிறாள். அந்த இடத்தை என் மகள் மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் மாற்றவில்லை. அப்படியே இருக்கிறது.

மார்ச் மாதம் ஹப்சிகுடாவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்தோம். என் கணவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்டேப்பிள் அடித்தார். அட்டையில் இரண்டு பேரின் பேரும் ஒரே அளவில். கடைசித் தேர்வு முடிந்த மதியம், பள்ளி கேட்டுக்கு வெளியே நடைபாதையில், ஸ்கூட்டியின் சீட்டுமேல் பிரதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் நானும் நின்றோம். பிள்ளைகள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வந்து வாங்கினாள், பிறகு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். கோஆர்டினேட்டர் கேட் வரைக்கும் வந்து, நாங்கள் நிற்பது பள்ளி எல்லைக்கு வெளியே என்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கவுன்சிலர் தன் வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறாம் வகுப்பு மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா நடுப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இதெல்லாம் பிள்ளைகள் படிக்கிற மாதிரியா இருக்கிறது, பயப்படாதா என்று என்னிடம் கேட்டார்.

"பயப்படும்" என்றேன். "படிக்கட்டும்."

அவர் மகள் அதற்குள் இரண்டாவது பக்கத்துக்குப் போயிருந்தாள். அவர் அதைப் பிடுங்கவில்லை. படித்துக்கொண்டே நடந்தவளின் தோளைப் பிடித்து, ஆட்டோவும் பஸ்ஸும் போகிற ரோட்டை ஜாக்கிரதையாகத் தாண்ட வைத்தார்.